மார்மன் சபைக் கையேட்டில் எல்லா நிற முகங்களும் சிரிக்கின்றனவே, அந்தப் படங்களை நம்பலாமா?

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வெள்ளைச் சட்டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக வந்த இரண்டு இளைஞர்கள் உங்களிடம் ஒரு தமிழ்க் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஆப்பிரிக்கத் தம்பதி, பசிபிக் தீவுக்காரர், நம் ஊர்க்காரரைப் போன்ற ஒரு குடும்பம் என்று எல்லா நிற முகங்களும் சிரிக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் நண்பரோ, 1978 வரை கறுப்பர்களைச் சேர்க்காத சபை அது என்கிறார். இரண்டில் எது உண்மை என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, அதற்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு மதத்தின் படத்தில் என்னைப் போன்ற முகம் இருந்தால், அந்த மதத்துக்குள் எனக்கும் இடம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. மதக்கலை வரலாறு படித்தவன். ஞாயிறு பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அமெரிக்காவில் அச்சான கிறிஸ்தவப் படங்கள் உலகமெங்கும் எப்படிப் பரவின என்பதை இன்றைக்கும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சபையின் ஆலயங்களுக்குள் (ஞாயிறு கூட்டம் நடக்கும் கட்டடங்கள் வேறு) நடக்கும் சடங்குகளை உறுப்பினர் அல்லாதவர் பார்க்க முடியாது. ஆகவே அவற்றைத் தொடமாட்டேன். அச்சிலும் திரையிலும் வெளிப்படையாக வந்தவற்றை வைத்தே பேசுகிறேன். எது ஆவணம், எது என் ஊகம் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: 2018 அக்டோபரில் அன்றைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், ‘மார்மன்’ என்ற அழைப்பை விட்டுவிட்டு ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’ என்ற முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நீங்கள் கேட்ட சொல்லிலேயே பதில் சொன்னால்தான் தேடி வருகிறவர்களுக்குப் புரியும் என்பதால் இங்கே பழைய பெயரையும் பயன்படுத்துகிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம். கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்காத காலம் அந்தச் சபையில் இருந்ததில்லை. ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை அது. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836-லேயே ஆசாரியத்துவம் பெற்றிருக்கிறார். பிறகு 1852-ல், யூட்டாவில், இரண்டாவது தலைவரான பிரிகம் யங் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். ஆண், பெண் இருபாலருக்கும் ஆலயத்தின் முக்கியமான சடங்குகளும் மறுக்கப்பட்டன. 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது, தேவ வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்து அந்தத் தடையை நீக்கினார்கள். ஆக, 126 வருடம். உள்ளே வரலாம், உட்காரலாம், பாடலாம், காணிக்கை கொடுக்கலாம்; அதற்கு மேல் கிடையாது.

இதன் கனம் புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தச் சபையில் ஆசாரியத்துவம் என்பது குருமடத்தில் வருடக்கணக்காகப் படித்துப் பெறுவது கிடையாது. தகுதியுள்ளவர் என்று கருதப்படும் எல்லா ஆண்களும், பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுவர்கள்கூட, பெறுவது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தின் அப்பத்தட்டை வரிசை வரிசையாக எடுத்துச் செல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பையன்கள்தான். அப்படியானால் 1960-களில் ஒரு கறுப்பினக் குடும்பம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், தங்கள் மகனின் வயதுப் பையன்கள் எல்லாரும் எழுந்து தட்டை ஏந்துவதையும் தங்கள் மகன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதையும் வாராவாரம் பார்த்திருப்பார்கள். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் முகம் இருப்பது வேறு, தட்டை ஏந்தும் கை யாருடையது என்பது வேறு. நான் எந்த மதத்தின் படத்தைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் முதலில் கைகளைத்தான் பார்க்கிறேன்.

இனி படங்களுக்கு வருவோம். மார்மன்களின் இயேசு ஏன் அவ்வளவு வெள்ளை என்று பலரும் கேட்பார்கள். அந்த முகத்தை அவர்கள் உருவாக்கவில்லை, வாங்கினார்கள். டென்மார்க்கின் கார்ல் பிளாக், ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹாஃப்மன் ஆகிய இருவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களைச் சபையின் இதழ்கள் திரும்பத் திரும்ப அச்சிட்டன. நம் ஊர் கிறிஸ்தவ வீடுகளின் காலண்டரில் இயேசு பாறையில் கைகளை ஊன்றி வானத்தைப் பார்த்து ஜெபிக்கிறாரே, அந்தக் கெத்செமனே படமும் ஹாஃப்மன் வரைந்ததுதான். 1960-களில் சபைக்காக ஏராளமாக வரைந்த ஹாரி ஆண்டர்சன் மார்மனே இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட். சால்ட் லேக் சிட்டியின் பார்வையாளர் மையத்தில் பல வருடம் நின்ற வெண்பளிங்குக் கிறிஸ்து, கோப்பன்ஹேகனில் தோர்வால்ட்சன் செதுக்கிய சிலையின் நகல். 2020 ஏப்ரலிலிருந்து சபையின் அடையாளச் சின்னத்திலும் அந்தச் சிலையே இருக்கிறது. ஆகவே இந்த வெண்மையில் பெரும்பகுதி, ஐரோப்பியக் கிறிஸ்தவம் உலகுக்கே கொடுத்த பொதுச் சொத்து. இதில் நானும் பங்குள்ளவன். ஒரு வருடம் குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கு நான்தான் படம் தேர்ந்தெடுத்தேன். வகுப்பில் ஒரு சிறுமி இயேசுவின் முகத்துக்கு வந்தபோது நிமிர்ந்து, “ஸ்கின் கலர் குடுங்க அங்கிள்” என்றாள். பெட்டியைத் தள்ளினேன். வெளிர் ரோஜா நிறக் கிரேயானை எடுத்தாள். அதைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நல்ல காப்பிக்கொட்டை நிறம். அந்தக் கோட்டுச் சித்திரத்தைத் தேர்ந்தெடுத்தது நான் என்பது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

ஆனால் மார்மன்களின் விஷயத்தில் பொதுச் சொத்தோடு முடியவில்லை. அவர்களுடைய வேதமான மார்மன் புத்தகம் தோல் நிறத்தைப் பற்றியே பேசுகிறது. எருசலேமிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஒரு குடும்பம் நேபியர், லாமானியர் என்று இரண்டாகப் பிரிந்தது என்பது அதன் கதை. கீழ்ப்படியாத லாமானியர்மேல் ‘கருமையான தோல்’ வந்தது என்று ஒரு வசனம் சொல்கிறது. அதே புத்தகத்தில், கறுப்பர் வெள்ளையர், அடிமை சுதந்திரன், ஆண் பெண் எல்லாரும் தேவனுக்கு ஒன்றே என்ற வசனமும் இருக்கிறது. ‘தோல்’ என்பது அங்கே உவமையா, உண்மையான தோலா என்று அவர்களுடைய அறிஞர்களே இன்றும் வாதாடுகிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது படத்தின் இயல்பு. எழுத்து ஒன்றைத் திறந்து வைக்கலாம், ஓவியனால் முடியாது. அவன் தூரிகையை ஏதாவது ஒரு நிறத்தில் தோய்த்தே ஆக வேண்டும். அவன் தோய்த்த நிறமே பிறகு மூன்று தலைமுறைக்கு வேத விளக்கமாகிவிடும்.

அப்படித் தோய்த்தவர் ஆர்னால்ட் ஃப்ரீபெர்க். குழந்தைகளுக்கான சபை இதழுக்காக 1950-களில் அவர் வரைந்த பன்னிரண்டு ஓவியங்களை, ஆரம்ப வகுப்புகளின் தலைவியாக இருந்த அடீல் கேனன் ஹவல்ஸ் என்ற பெண்மணி முன்னின்று வரைவித்தார். அவை பின்னால் மார்மன் புத்தகப் பிரதிகளிலேயே வண்ணத்தாளில் சேர்க்கப்பட்டு லட்சக்கணக்கில் பரவின. நேபியர் எல்லாரும் பயில்வான் உடம்பு, ஐரோப்பிய மூக்கு. தசை என்பது உள்ளே இருக்கும் ஆவிக்குரிய பலத்தின் அடையாளம் என்பது ஃப்ரீபெர்க் கொடுத்த விளக்கம். அந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமான ஓவியம், லாமானிய வம்சத்து இளைஞர்களின் படையை ஹீலமன் நடத்திச் செல்வது. கதையில் அந்த இளைஞர்கள் விசுவாசத்துக்கே எடுத்துக்காட்டு. ஓவியத்தில் அவர்களுக்கு அழகும் கம்பீரமும் நிறையவே இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் குதிரைமேல் இருப்பவர் நேபியரான ஹீலமன். அவர்கள் கால்நடையாக அவர் பின்னால் வருகிறார்கள். கதைப்படி அது சரிதான், அவர்தான் தளபதி. ஆனால் லாமானியனான சாமுவேல் மதில்மேல் ஏறி நின்று கீழே இருக்கும் நேபியருக்குப் பிரசங்கிக்கும் இடமும் அதே கதையில் உண்டு. அதையும் ஃப்ரீபெர்க் வரைந்தார். கருமையானவன் என்று சொல்லப்பட்ட இனத்தவன் மேலே, வெள்ளையர் கீழே. ஒரே ஓவியரின் கையில் இரண்டு அமைப்புகளும் இருந்தன. எது குழந்தைகளின் மனதில் அதிகம் பதிந்தது என்பது, வகுப்பில் எதை எவ்வளவு மாட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சபை வருடம் இரண்டு முறை நடத்தும் பொது மாநாட்டில் 1960 அக்டோபரில் ஆற்றிய உரை ஒன்று சாட்சி. அமெரிக்கப் பழங்குடியினரை லாமானியரின் சந்ததி என்று நம்பிய சபை, 1947 முதல் பல பத்தாண்டுகள், நவஹோ முதலான பழங்குடிக் குழந்தைகளைப் பள்ளிக் காலத்தில் வெள்ளை உறுப்பினர் வீடுகளில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. அந்தத் திட்டத்தை உற்சாகமாக ஆதரித்த ஸ்பென்சர் கிம்பல், அப்போது அப்போஸ்தலர் (தலைவருக்கு அடுத்த பன்னிருவர் குழுவில் ஒருவர்), மாநாட்டு மேடையில் ஒரு புகைப்படத்தைச் சான்றாகக் காட்டிப் பேசினார். அதில் இருந்த இருபது லாமானிய ஊழியர்களில் பதினைந்து பேர் வெள்ளையரைப் போலவே வெளுத்திருக்கிறார்கள் என்றார். வெள்ளையர் வீடுகளில் வளரும் பிள்ளைகள், குடிசையில் இருக்கும் சொந்தச் சகோதரர்களைவிட வெளுப்பாக இருப்பதாகவும் சொன்னார். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது: அந்தப் பிள்ளைகள்மேல் அவருக்குப் பாசம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினெட்டு வருடம் கழித்துத் தடையை நீக்கியவரும் இதே கிம்பல்தான். அன்பும் பார்வைக் கோளாறும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும். மத ஊடகத்தில் வேலை செய்கிறவர்கள் பயப்பட வேண்டியது அந்தச் சேர்க்கைக்குத்தான்.

இங்கே நம்மவர் பலருக்கும் தெரியாத ஒரு விவரம். 1978-க்கு முந்தைய தடை இந்தியருக்குக் கிடையாது. பிஜித் தீவின் பூர்வகுடிகளுக்கும் இல்லை என்று 1950-களில் முடிவு செய்தார்கள். அளவுகோல் தோலின் கருமை அன்று, ஆப்பிரிக்க வம்சாவளி. இதனால்தான் பிரேசில் அவர்களைத் திணறடித்தது. கலப்பு மணம் தலைமுறை தலைமுறையாக நடந்த நாட்டில் யார் எந்த வம்சம் என்று யார் சொல்வது? ரியோ டி ஜெனீரோவைச் சேர்ந்த ஹெல்வேசியோ மார்டின்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1972-ல் குடும்பத்தோடு சபையில் சேர்ந்தார். அவரையே சபையின் மக்கள் தொடர்புப் பணியில் அமர்த்தினார்கள். சாவோ பாவ்லோவில் ஆலயம் கட்டும் அறிவிப்பு 1975-ல் வந்தபோது, அந்த ஆலயத்தைப் பற்றி வெளியாரிடம் எடுத்துச் சொல்லும் வேலை அவருக்கு. அது திறந்தால் அவர் உள்ளே போக முடியாது. 1978 ஜூனில் தடை போனது. அதே வருடக் கடைசியில் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. 1990-ல் அவர் சபையின் முதல் கறுப்பினப் பொது அதிகாரி, அதாவது சபை முழுவதற்கும் பொறுப்பான தலைவர்களில் ஒருவர், ஆனார். ‘பிரதிநிதித்துவம்’ என்ற சொல்லை யாராவது எளிதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வருகிறார். 1978-க்கு முன்னாலும் சபையின் முகமாக ஒரு கறுப்பினத்தவர் இருந்தார். உள்ளே அனுமதி மட்டும் இல்லை.

ஆப்பிரிக்காவில் நடந்தது இதைவிட ஆச்சரியம். நைஜீரியாவின் ஆந்தனி ஓபின்னா என்ற ஆசிரியர், 1960-களின் நடுவில் கனவில் ஓர் உயரமான மனிதர் தன்னை மிக அழகான ஒரு கட்டடத்துக்குள் அழைத்துச் சென்று காட்டியதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு உள்நாட்டுப் போர். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில் 1958-ஆம் வருடத்துப் பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒன்றைப் புரட்டினார். அதில் சால்ட் லேக் ஆலயத்தின் படம். கனவில் பார்த்த கட்டடம்! கடிதம் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே அவர்களுக்கு அப்போது சபை அமைப்பே கிடையாது. 1978 நவம்பரில்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. கானாவிலும் இதே போலத்தான்: ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் 1964-ல் மார்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு, சால்ட் லேக்கிலிருந்து ஊழியர் எவரும் வராமலேயே சொந்தமாகக் கூட்டங்களைத் தொடங்கிப் பதினான்கு வருடம் காத்திருந்தார். கவனியுங்கள்: அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஓபின்னாவைப் போன்ற முகம் எதுவும் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கட்டடத்தின் படம் போதுமாக இருந்தது. தன் முகம் இருந்தால்தான் மனிதன் நுழைவான் என்று எங்கள் தொழிலில் நாங்கள் நினைப்பது பாதிதான் சரி. அவர்கள் தங்கள் முகம் இல்லாத படத்துக்குள்ளும் துணிந்து நுழைந்தார்கள். படத்தின் பக்கத்திலிருந்து கதவு திறக்கத்தான் அவ்வளவு காலம் ஆனது.

1978-க்குப் பிறகு படங்கள் மாறிய விதத்தில் ஒரு வரிசை தெரிகிறது. வெளியாருக்குக் காட்டும் ஊடகம் முதலில் மாறியது, உள்ளே இருப்பவர்களுக்கான ஊடகம் பின்னால் மாறியது. இது என் வாசிப்பு. சபை இப்படிச் சொன்னதில்லை. 2010-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தொடங்கிய ‘நான் ஒரு மார்மன்’ விளம்பரங்களில் பல இன, பல தொழில் மனிதர்கள் வந்தார்கள். 2014-ல் திரையரங்குகளில் வெளியான ‘மீட் தி மார்மன்ஸ்’ ஆவணப்படம் ஆறு பேரைக் காட்டியது. அவர்களில் அட்லான்டாவின் கறுப்பின ஆயர் ஒருவர், சமோவா வம்சாவளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், கோஸ்டா ரிக்காவின் குத்துச்சண்டை வீராங்கனை, நேபாளத்து எஞ்சினியர் ஆகியோர் இருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு குழந்தை அதை வருடத்தில் ஒரு முறை பார்க்கும். சபைக் கட்டடத்தின் நடைக்கூடத்தில் தொங்கும் இயேசுவை வாராவாரம் பார்க்கும். 2020 மே மாதம், நடைக்கூடங்களில் இயேசுவை மையமாகக் கொண்ட ஓவியங்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிரதான தலைமை அறிவித்து, அனுமதிக்கப்பட்ட 22 ஓவியங்களின் பட்டியலைக் கொடுத்தது. நுழைந்தவுடன் இரட்சகரே கண்ணில் பட வேண்டும் என்ற நோக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பட்டியலில் பெரும்பாலும் அதே வெளிர் ஐரோப்பிய முகம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் நிலை 1996-லேயே வந்துவிட்ட சபை இது. அர்ஜென்டினாவின் ஹோர்ஹே கோக்கோ போன்ற ஓவியர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். 1987 முதல் சபையின் அருங்காட்சியகம் நடத்தும் சர்வதேச ஓவியப் போட்டிக்குப் பல நாட்டு விசுவாசிகள் வரைந்து அனுப்புகிறார்கள். படைப்புக்குப் பஞ்சமில்லை. கண்காட்சிச் சுவரிலிருந்து கூடத்துச் சுவருக்கு வருவதில்தான் தாமதம்.

அதே 2020-ன் தொடக்கத்தில் நடந்ததை எந்தப் பதிப்பாசிரியரும் மறக்க மாட்டார். குடும்பமாக வீட்டில் படிக்கும் வருடாந்தரப் பாடநூலின் அச்சுப் பிரதியில், கருமையான தோல்தான் சாபத்தின் அடையாளம் என்ற பொருளில் ஒரு பழைய தலைவரின் மேற்கோள் அப்படியே வந்துவிட்டது. சபையோ 2013 டிசம்பரிலேயே, கறுப்புத் தோல் சாபம் என்பது போன்ற பழைய விளக்கங்களை நிராகரிக்கிறோம் என்று தன் இணையதளத்தில் கட்டுரை வெளியிட்டிருந்தது. இணையப் பதிப்பைத் திருத்தினார்கள். அச்சடித்தது அச்சடித்ததுதான், வீடு வீடாகப் போய்விட்டது. ஜனவரி 20 அன்று, கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சால்ட் லேக் சிட்டியில் நடத்திய விருந்தில் அப்போஸ்தலர் கேரி ஸ்டீவன்சன் இந்தப் பிழைக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். இது எப்படி நடந்திருக்கும் என்பது ஊகம், ஆனால் தொழில் தெரிந்தவனின் ஊகம்: யாரோ ஒருவர் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார், படங்களைச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்திருப்பார், அடிக்குறிப்பைச் சரிபார்க்க அதே கண்ணோடு இன்னோர் ஆள் இருந்திருக்க மாட்டார். புதிய புகைப்படத்தின் கீழே பழைய விளக்கம் இருந்தால், பிள்ளை படிப்பது விளக்கத்தைத்தான்.

மாநாட்டுத் திரையிலும் மாற்றம் உண்டு, மெதுவாக. ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினரான சியேகோ ஒகாசாகி 1990-ல் சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைமையில் இடம்பெற்றார். அந்த இடத்துக்கு வந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். கென்யாவின் ஜோசப் சிடாட்டி 2009-ல் பொது அதிகாரியானார். 2018 ஏப்ரலில் சீன வம்சாவளி கெரிட் கோங், பிரேசிலின் உலிசெஸ் சோரெஸ் இருவரும் பன்னிரு அப்போஸ்தலர் குழுவுக்கு வந்தார்கள். 2022 அக்டோபரில் டிரேசி பிரவுனிங் மாநாட்டு மேடையில் பேசினார். அங்கே பேசிய முதல் கறுப்பினப் பெண். பன்னிருவரில் கறுப்பினத்தவர் எவரும் இதுவரை இருந்ததில்லை. இதில் எனக்கு மனதைத் தொட்டது வேறொன்று. 2014 அக்டோபரில் உரையாளர்கள் தங்கள் தாய்மொழியில் பேசலாம் என்று அனுமதித்தார்கள். ஹாங்காங்கின் சி ஹாங் வோங் கண்டோனிய மொழியில் பேச, ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் அன்றைக்கு எழுத்துப் பெயர்ப்பைப் படித்தார்கள். மற்ற நாட்டவர் வருடம் இரண்டு முறை செய்வதை அவர்கள் ஒரு முறை செய்தார்கள். 2015 ஏப்ரலிலேயே அது நின்று, எல்லாரும் பழையபடி ஆங்கிலத்தில் பேசினார்கள். முகத்தைச் சேர்ப்பதைவிடக் குரலை அதன் சொந்த மொழியில் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று அது காட்டியது. இதழ்களில் நிலைமை இதைவிட நன்று: 2021 ஜனவரி முதல் அமெரிக்காவுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்ற பிரிவு போய், பெரியவர்களுக்கு எல்லா நாட்டிலும் ‘லியஹோனா’ என்ற ஒரே இதழ். புதிய பாடல் தொகுப்பின் முதல் பகுதியிலும் 2024-ல் கறுப்பினத் தேவாலயங்கள் நெஞ்சோடு அணைத்த ‘சிட்டுக்குருவியின்மேலும் அவர் கண்’ பாடல் இடம்பெற்றது.

இப்போது ஒரு கல்வெட்டைப் பற்றி. சால்ட் லேக் சிட்டியின் நடுவே பிரிகம் யங் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1847-ல் முதலில் வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் அதன் பட்டயத்தில் வரிசையாக இருக்கும். கடைசியில், தனியாக, ‘நிறமுள்ள வேலைக்காரர்கள்’ என்ற தலைப்பில் மூன்று பெயர்: கிரீன் ஃப்ளேக், ஹார்க் லே, ஆஸ்கார் கிராஸ்பி. மூவரும் அடிமைகள். அந்தக் குடும்பப்பெயர்கள் அவர்களைச் சொத்தாக வைத்திருந்த வீடுகளின் பெயர்கள். 2022 ஜூலையில் அதே நகரத்தின் விளிம்பில், குடியேறிகள் பள்ளத்தாக்கை முதலில் கண்ட இடத்தில், ஒரு புதிய வெண்கலச் சிலைத் தொகுதி திறக்கப்பட்டது. அங்கே இருவருக்கு அவர்கள் பின்னாளில் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்கள்: ஹார்க் வேல்ஸ், ஆஸ்கார் ஸ்மித். அவர்களோடு ஜேன் மேனிங் ஜேம்ஸ் நிற்கிறார். கனெக்டிகட்டில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து, கப்பலில் இடம் மறுக்கப்பட்டதால் குடும்பத்தோடு சுமார் 800 மைல் நடந்து, செருப்பு தேய்ந்து பாதம் வெடித்து ரத்தத் தடம் பதிய, 1843-ல் ஜோசப் ஸ்மித்தின் வீட்டு வாசலுக்கு வந்தவர். ஆலயச் சடங்குக்காக வாழ்நாள் முழுக்க மனுப்போட்டார். 1894-ல் அவருக்குக் கிடைத்தது, ஸ்மித் குடும்பத்துக்கு ‘பணியாள்’ என்று நித்தியத்துக்குமாக இணைக்கும் ஒரு சடங்கு. அதற்கும் அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றாள். 1908-ல் இறந்தார். நூறு வருடத்துக்கு மேல் பொதுப்படங்களில் ஏறக்குறைய இல்லாதிருந்த அவரை இன்று ஓவியங்களிலும் திரைப்படத்திலும் பார்க்கிறோம். இந்தக் கதையைத் தேடியெடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள். 1971-ல் மூன்று கறுப்பின உறுப்பினர்களைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய ஜெனிசிஸ் குழுவும், அதன் தொடக்கத் தலைவர்களில் ஒருவரான டேரியஸ் கிரேயும் செய்த உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தக் கையேட்டில் சிரிக்கிறவர்கள் பொய் முகங்கள் இல்லை, அப்படிப்பட்ட மனிதர்கள் அந்தச் சபையில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், மனமுவந்து இருக்கிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று பேசுவது அவர்களுக்குச் செய்யும் அவமானம். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்து வரலாறு தீர்ந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. தடையை நீக்கிய சபை, அந்தத் தடை வந்ததே தவறு என்று 1978-லும் சொல்லவில்லை, 2013-லும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை மட்டுமே நிராகரித்தது. அங்கே போய்ப் பார்க்க விருப்பமிருந்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள், கேளுங்கள். அந்த இளைஞர்களிடம் ஜேன் மேனிங் ஜேம்ஸைத் தெரியுமா என்று கேளுங்கள். இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தமிழில் இவர்களுடைய எழுத்து புதிதும் அல்ல. மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 1982-லேயே தமிழில் வந்தன. மாநாட்டு உரைகளும் தமிழில் கிடைக்கின்றன. தமிழ்ப் பதிப்பில் எழுத்துதான் மாறும், படங்கள் பெரும்பாலும் மற்ற மொழிகளில் வருபவையே. கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். யாராவது ஒருவர் இன்னொருவர் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் படம், தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுக்கும் படம், அப்பத்தட்டை நீட்டும் படம், இந்த மூன்றையும் தேடுங்கள். கொடுக்கும் கை எந்த நிறம், பெறும் தலை எந்த நிறம் என்று பார்த்து, பக்க எண்ணோடு இங்கேயே எழுதுங்கள். ஓவியமாக இருந்தால் மூலையில் கையெழுத்து இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் வரைந்தது, எந்தக் காலத்தது என்று என்னால் பெரும்பாலும் சொல்ல முடியும்.